பந்தயத்துக்கு முன்னால் பயிற்சி: ஹிக்கரி ஸ்பீட்வேயில் ஒரு குடும்ப நாள்

சார்லட்டிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு வார இறுதி என்றால் புளூ ரிட்ஜ் மலை, ஏதாவது ஓர் அருவி, கோயில், இல்லாவிட்டால் நண்பர் வீட்டுப் பிறந்தநாள். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் நயாகராவும் வாஷிங்டனும் சேர்ந்துகொள்ளும். வட கரோலினா மண்ணில் வேர்விட்டு வளர்ந்த ஸ்டாக் கார் பந்தயத்தை மட்டும், பத்து வருஷம் இங்கேயே இருந்தும் பார்க்காமல் விட்டுவிடுகிறோம்.

பார்க்கப் போகிற சிலரும் எடுத்த எடுப்பில் சார்லட் மோட்டார் ஸ்பீட்வேயின் 600 மைல் பந்தயத்துக்கு டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். நெரிசலில் வண்டி நிறுத்தி, நாலு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து, ஒரே இரைச்சலாக ஏதோ சுற்றிச் சுற்றி ஓடியது என்ற நினைவோடு வீடு திரும்புகிறார்கள். குழந்தைகள் பாதியிலேயே தூங்கிவிடும். அடுத்த தடவை அழைத்தால் யாரும் வரமாட்டார்கள்.

அதனால் என் யோசனை இதுதான். முதலில் ஒரு சின்ன ஊர்த் தடத்துக்குப் போங்கள். அங்கேயும் பந்தயத்துக்கு முன் பயிற்சியைப் பாருங்கள்.

பந்தயத்தில் இருபது கார்கள் ஒன்றாக ஓடும்போது புதியவரின் கண் எதிலும் நிலைக்காது. பயிற்சியில் ஒரு கார் வெளியே வரும், ஏழெட்டுச் சுற்று ஓடும், உள்ளே போகும். நாலு பேர் அதைச் சூழ்ந்து ஏதோ அளப்பார்கள், ஏதோ திருகுவார்கள், மறுபடி அனுப்புவார்கள். இப்போது அந்தக் கார் வேகமாகியிருக்கிறதா இல்லையா என்பதை நீங்களே பார்க்கலாம். இடையிடையே தடம் ஓய்ந்து கிடக்கும். குழந்தை கேள்வி கேட்கவும் பெரியவர்கள் கால் நீட்டவும் அப்போது நேரம் கிடைக்கும். பிடிக்காவிட்டால் எந்த நிமிஷமும் எழுந்து வரலாம்.

இந்த அத்தியாயத்தில் நான் எடுத்துக்கொள்வது ஹிக்கரி மோட்டார் ஸ்பீட்வே. சார்லட்டிலிருந்து ஒரு மணி நேர ஓட்டம். ஹிக்கரிக்கும் நியூட்டனுக்கும் இடையே 70ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது. 1951இல் அரை மைல் செம்மண் தடமாகத் தொடங்கியது. பிறகு தார் போட்டு, அளவையும் மாற்றினார்கள். இன்றைய நீளம் 0.363 மைல், நம் கணக்கில் சுமார் 584 மீட்டர். 1953 முதல் 1971 வரை, ஸ்டாக் கார் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பின் உயர்மட்டப் பந்தயங்களே இங்கு நடந்தன. 1961லும் 1965லும் தேசியச் சாம்பியனான நெட் ஜாரெட் இந்த நியூட்டன் ஊர்க்காரர். ரால்ஃப் எர்ன்ஹார்ட், ஹாரி காண்ட் போன்றவர்கள் பேர் வாங்கிய தடம் இது. நாஸ்கார் நட்சத்திரங்களின் பிறப்பிடம் என்று அவர்களே பெருமையாக எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பெருமைக்கு அவர்களுக்கு உரிமை உண்டு.

கிளம்புவதற்கு முன்

இந்த மாதிரித் தடங்களில் பயிற்சி இரண்டு விதமாக நடக்கும். சீசன் ஏறக்குறைய மார்ச்சிலிருந்து இலையுதிர் காலம் வரை. சனிக்கிழமை மாலை பந்தயம் இருந்தால் அன்று மதியமே அந்தந்தப் பிரிவுக் கார்களை முறை வைத்துப் பயிற்சிக்கு விடுவார்கள். இதைத் தவிர, பந்தயம் இல்லாத நாட்களில் திறந்த பயிற்சி என்று ஒன்று உண்டு. கார்க்காரர்கள் தடத்துக்குப் பணம் கட்டி வந்து சோதித்துப் பார்க்கும் நாள் அது. அன்று பார்வையாளர்களைக் கேலரியில் உட்கார விடுவார்களா, பிட் எனப்படும் வேலைப்பகுதிக்கு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டுமா என்பது தடத்துக்குத் தடம், நாளுக்கு நாள் மாறும். தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். குழந்தைகளின் வயதையும் சொல்லிக் கேளுங்கள். சிறுவர்களைப் பிட்டுக்குள் அனுமதிக்கும் விதியும், பெற்றோர் கையெழுத்திட வேண்டிய உறுதிப் படிவமும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது.

முந்தின இரவு மழை பெய்திருந்தால் காலையில் இன்னொரு முறை கேளுங்கள். பந்தயக் கார்களின் டயர்களில் பள்ளம் கிடையாது, மொட்டையாக இருக்கும். ஈரத்தில் நிற்காது. மழை விட்ட பிறகும் தாரின் வெடிப்புகளில் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். அது காயும்வரை ஒரு காரும் நகராது.

கேலரியில் முன்வரிசை காலியாக இருக்கிறதே என்று போய் உட்காராதீர்கள். டயரிலிருந்து உரிந்த ரப்பர்த் துணுக்கு அங்கே வந்து விழும், தடத்தின் எதிர்ப்பக்கமும் தெரியாது. பத்துப் பன்னிரண்டு வரிசை மேலே ஏறி, நாலாவது வளைவு முடிந்து நேர்ப்பாதை தொடங்கும் பக்கமாக உட்காருங்கள். கார் வளைவில் என்ன பாடு படுகிறது என்பதும், பிட்டுக்குள் போவதும் வருவதும் ஒருசேரத் தெரியும். படிகளில் கைப்பிடி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். முழங்கால் வலி உள்ளவர்களை ஏறச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். தொப்பி, கண்ணாடி, உட்காரத் தலையணை, மாலையில் ஒரு ஸ்வெட்டர். ஏப்ரல் மாதத்தில் பகலில் வேர்த்து, பொழுது சாய்ந்ததும் நடுங்கும் ஊர் இது.

காது

இந்த அத்தியாயத்தில் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

நாங்கள் முதல் தடவை போனபோது மகளுக்கு ஐந்து வயது. காதுக்கு எதுவும் எடுத்துப் போகவில்லை. கேலரியில் ஏறும்போது தடம் அமைதியாக இருந்தது. உட்கார்ந்த இரண்டாவது நிமிஷம் பிட்டிலிருந்து மூன்று கார்கள் வெளியே வந்தன. முதல் கார் எங்களைக் கடந்ததும் குழந்தை இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு அம்மா மடியில் முகம் புதைத்து அலறினாள். பத்து நிமிஷத்தில் கார் நிறுத்துமிடத்துக்குத் திரும்பிவிட்டோம். அதற்குப் பிறகு அவளை மறுபடி அழைத்துவர இரண்டு வருஷம் ஆயிற்று. அது முழுக்க என் தவறு. அதனால்தான் இந்தப் பகுதியை விரித்து எழுதுகிறேன்.

அமெரிக்க அரசின் தொழில்சார் உடல்நல ஆய்வு நிறுவனம் சொல்லும் கணக்கு இது: 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளில் 8 மணி நேரம்வரை தாங்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். 88க்கு 4 மணி, 91க்கு 2 மணி. இப்படியே இறங்கி 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிஷம். ஓடும் பந்தயக் காரின் அருகே 100ஐத் தாண்டுவது சாதாரணம். உள்காதின் நுண்மயிர்ச் செல்கள் ஒருமுறை அழிந்தால் திரும்ப முளைப்பதில்லை.

பஞ்சு வைத்தால் போதும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். போதாது. பஞ்சு கூர்மையான ஒலியைக் கொஞ்சம் மழுக்கும், அவ்வளவுதான். பெரியவர்களுக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் நுரை அடைப்பான் போதும். ஆனால் அதைச் சரியாகப் போட வேண்டும். விரல்களுக்கு இடையே ஊதுபத்திபோல மெல்லியதாக உருட்டுங்கள். மற்றக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுங்கள். அடைப்பானை உள்ளே செலுத்தி, அது விரியும்வரை அரை நிமிஷம் விரலால் பிடித்திருங்கள். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் போட்டும் போடாததுபோலத்தான்.

குழந்தைகளுக்கு ஹெட்போன் வடிவத்துக் காதுமூடிதான் சரி. தலை அளவுக்குப் பொருந்துவதை வாங்கி, வீட்டிலேயே இரண்டு நாள் போட்டுப் பழக்குங்கள். மிக்ஸி ஓடும்போது போட்டுக் காட்டினால் அது எதற்கு என்று குழந்தைக்கே புரிந்துவிடும். கேட்புக் கருவி வைத்திருக்கும் தாத்தா பாட்டி அதைக் கழற்றி வைத்துவிட்டுக் காதுமூடி போட வேண்டும். கைக்குழந்தையோடு போகவே வேண்டாம். கர்ப்பிணிகளும் தவிர்ப்பது நல்லது. சத்தம் மட்டும் காரணமில்லை. சாலையில் ஓடும் வண்டிகளுக்கு ஈயம் கலந்த பெட்ரோல் எப்போதோ நின்றுவிட்டது. பந்தய எரிபொருள் சிலவற்றில் இன்னும் ஈயம் உண்டு. பிட்டுக்குள் போய்வந்தால், சாப்பிடுவதற்கு முன் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து உட்காருங்கள்.

என்ன பார்ப்பது

ஸ்டாக் என்றால் கடையில் இருக்கும் சரக்கு. கடையில் விற்ற காரை அப்படியே ஓட்டிய காலத்தில் வந்த பெயர் இது. இன்று உள்ளே இரும்புக் குழாய்க் கூண்டு, மேலே ஃபைபர் உடல். முன்விளக்கு இருக்கிறதே என்று குழந்தைகள் காட்டுவார்கள். அது ஒட்டுப்படம். கதவு திறக்காது, ஓட்டுநர் ஜன்னல் வழியாகத்தான் ஏறி இறங்குவார். வேகமானியும் கிடையாது. இந்த மூன்றையும் குழந்தைகளே கண்டுபிடிக்கட்டும்.

கார்கள் எப்போதும் இடது பக்கமாகவே சுற்றும். லேட் மாடல் பிரிவுக் கார்தான் இங்கே ராஜா. ஏறக்குறைய 1,400 கிலோ எடை, வி8 என்ஜின். பழைய சாலைக் கார்களை வைத்து ஓட்டும் ஸ்ட்ரீட் ஸ்டாக், நாலு சிலிண்டர் சின்னக் கார்கள் என்று வேறு பிரிவுகளும் உண்டு. சில தடங்களில் பண்டலேரோ என்ற குட்டிக் கார்களை எட்டு வயதுப் பிள்ளைகள் ஓட்டுவதைப் பார்க்கலாம். நம் பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். நமக்கு வயிற்றைக் கலக்கும்.

பயிற்சியைப் பார்க்க ஒரு நல்ல வழி, ஒரே ஒரு காரைத் தேர்ந்தெடுத்து அதையே பின்தொடர்வது. போனில் ஸ்டாப்வாட்ச் போதும். தொடக்கக் கோட்டில் ஒரு கம்பத்தை அடையாளம் வைத்துக்கொண்டு, கார் அதைக் கடக்கும்போது அழுத்துங்கள். ஹிக்கரியில் ஒரு சுற்றை 15 விநாடியில் முடித்தால் சராசரி வேகம் மணிக்கு 87 மைல், அதாவது 140 கிலோமீட்டர். 15.3 விநாடி ஆனால் 85 மைல். அந்த 0.3 விநாடி ஒன்றுமில்லை என்று தோன்றும். 100 சுற்றுப் பந்தயத்தில் அது 30 விநாடியாகச் சேர்ந்து, இரண்டு முழுச் சுற்றுப் பின்தங்க வைத்துவிடும். ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் நோட்டும் பென்சிலும் கொடுத்து இதைப் போடச் சொல்லுங்கள். புது டயர் போட்ட கார் முதல் சில சுற்றுகளில் பறக்கும், பிறகு மெல்ல மெல்லத் தளரும். பத்து எண்களை வரிசையாக எழுதினால் அந்தத் தளர்ச்சி கண்ணுக்கே தெரியும். அதில் குறைவாகத் தளரும் காரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இரவுப் பந்தயத்தில் அந்தக் காரின் மேல் ஒரு கண் இருக்கட்டும்.

கண்ணால் பார்ப்பதைவிடக் காதால் பார்க்க வேண்டிய ஒன்றும் உண்டு. வளைவுக்குள் நுழையும்போது ஓட்டுநர் எந்த இடத்தில் காலை எடுக்கிறார், எந்த இடத்தில் மறுபடி மிதிக்கிறார் என்று என்ஜின் சத்தத்தைக் கவனியுங்கள். நல்ல ஓட்டுநர் மிதித்தால் சத்தம் ஒரே இழையாக ஏறும். தடுமாறுகிறவர் மிதித்து, விட்டு, மறுபடி மிதிப்பார். அடைப்பான் போட்டிருந்தாலும் இது நன்றாகவே கேட்கும்.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என் மாமனார். சங்ககிரியில் முப்பது வருஷம் லாரிப் பட்டறையில் வேலை பார்த்தவர். மூன்று மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தவருக்கு, நாங்கள் காட்டிய இடங்களிலெல்லாம் ஆர்வம் குறைந்துகொண்டே போயிற்று. ஒரு திறந்த பயிற்சி நாளில் பிட்டுக்குள் அழைத்துப் போனேன். உள்ளே நுழைந்து ஐந்து நிமிஷம் ஆகவில்லை, என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"மாப்ளே, அங்க பாருங்க. டயரச் சுத்தி டேப்புப் புடிக்கறாங்க. துணிக்கடையில இடுப்பளவு எடுக்கற மாதிரி."

"எதுக்குங்க மாமா?"

"ரெண்டும் ஒரே அளவு இல்லீங்க. வலது பக்கம் பெருசு. எங்க பட்டறையில இப்படி ஒரு ஜோடி மாட்டியிருந்தா ஓனரு சம்பளத்தப் புடிச்சிருப்பாரு. வண்டி ஒரே பக்கமா இழுக்குமுங்க. இவங்க வேணும்னே மாட்டறாங்க."

அவர் சொன்னது அப்படியே சரி. பின்பக்க வலது டயரின் சுற்றளவு இடது டயரைவிட ஒன்றிரண்டு அங்குலம் அதிகமாக இருக்கும்படி தேடிப் பொருத்துகிறார்கள். வீட்டில் காகிதக் காபிக் கோப்பையைத் தரையில் படுக்க வைத்து உருட்டிப் பாருங்கள். நேராகப் போகாது, அடிப்பக்கத்தை மையமாக வைத்து வட்டமடிக்கும். ஒரு பக்கம் பெரிது, மறுபக்கம் சிறிது என்பதால் வரும் சுழற்சி அது. அதே தந்திரம்தான் இங்கே. இடப்பக்கம் மட்டுமே திரும்பும் காருக்கு, தானாகவே இடப்பக்கம் போகும் டயர் ஜோடி.

அன்று முழுக்க மாமா ஒவ்வொன்றாகக் காட்டினார். கார் உள்ளே வந்ததும் ஒருவர் ஊசி முனை வெப்பமானியை டயரில் குத்தி, உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என மூன்று இடத்தில் சூடு பார்ப்பார். நடுவில் மட்டும் அதிகச் சூடு என்றால் காற்று கூடிவிட்டது. ஒரு விளிம்பு மட்டும் கொதித்தால் சக்கரத்தின் சாய்வில் கோளாறு. பிறகு ஓட்டுநரிடம் கேட்பார்கள். பதிலில் இரண்டு சொற்களைக் கவனியுங்கள். "லூஸ்" என்றால் வளைவில் பின்பக்கம் வழுக்கிச் சுழலப் பார்க்கிறது. "டைட்" என்றால் ஸ்டியரிங்கைத் திருப்பியும் முன்பக்கம் திரும்ப மறுத்துச் சுவரை நோக்கிப் போகிறது. இந்த இரண்டு சொல் தெரிந்தால் பிட்டில் நடக்கும் பேச்சில் பாதி புரிந்துவிடும்.

அதற்கு மருந்தாக ஸ்பிரிங்குக்கு மேலிருக்கும் திருகைக் கால் சுற்று, அரைச் சுற்றுத் திருப்புவார்கள். இவ்வளவு கனமான வண்டியில் கால் சுற்று என்ன செய்துவிடும் என்று கேட்டேன். மாமா கட்டிலை உதாரணம் சொன்னார். ஆடும் கட்டிலின் ஒரு காலுக்கு அடியில் காகிதம் மடித்து வைத்தால், அந்தக் காலிலும் அதற்கு மூலைவாட்டமாக எதிரே இருக்கும் காலிலும் பாரம் ஏறும். மற்ற இரண்டு காலிலும் இறங்கும். நாலு சக்கரத்துக்கும் அதே கணக்கு. பாரம் எந்த மூலையில் ஏறுகிறதோ அதை வைத்துக் கார் வழுக்குவதும் மறுப்பதும் மாறும்.

ஸ்பிரிங் விஷயத்தில் இந்த விளையாட்டுக்கு ஒரு பழைய கதை உண்டு. 1947 டிசம்பரில் டேடோனா பீச்சின் ஸ்ட்ரீம்லைன் ஹோட்டலில் பில் பிரான்ஸ் கூட்டிய கூட்டத்தில் உருவெடுத்து, 1948 பிப்ரவரியில் நாஸ்கார் பதிவானது. காரில் மாற்றம் கூடாது என்ற விதியோடு அது நடத்திய முதல் ஸ்டாக் கார் பந்தயம் 1949 ஜூன் 19 அன்று சார்லட்டில் ஒரு மண் தடத்தில் நடந்தது. கிளென் டன்அவே என்பவர் ஃபோர்டு காரில் முதலாவதாக வந்தார். சோதித்துப் பார்த்தால், அது கள்ளச்சாராயம் கடத்தப் பயன்பட்ட கார். பாரத்தில் பின்பக்கம் தாழாமலிருக்கப் பின் ஸ்பிரிங்கை மாற்றியிருந்தார்கள். வெற்றியைப் பறித்து, இரண்டாவதாக வந்த ஜிம் ரோப்பருக்குக் கொடுத்தார்கள். மாமாவிடம் இதைச் சொன்னபோது, "லோடு வண்டிக்குப் பட்டை கூட்டாம முடியுங்களா?" என்று டன்அவேயின் கட்சியைத்தான் எடுத்தார்.

பிட்டுக்குள் நடக்கும் முறை

மூடிய காலணி அவசியம். செருப்போடு விடமாட்டார்கள், விட்டாலும் போகாதீர்கள். துப்பட்டா, முந்தானை, தொங்கும் சங்கிலி எதுவும் வேண்டாம். ஓட்டுநர் கூண்டுக்குள் தலைக்கவசத்தோடு கட்டப்பட்டு உட்கார்ந்திருப்பார். அவருக்குப் பின்னால் நிற்கும் உங்கள் குழந்தை தெரியாது. என்ஜின் உறுமத் தொடங்கினால் வழியை விட்டு விலகி நில்லுங்கள். ஜாக்கியில் நிற்கும் வண்டியின் அருகே போகாதீர்கள், தரையில் பரப்பிய ஸ்பானர்களைத் தாண்டாதீர்கள். சிறு குழந்தையின் கையை ஒரு கணமும் விடாதீர்கள்.

அங்கே வேலை செய்கிறவர்களில் பெரும்பாலானோர் வாரம் முழுக்க வேறு வேலை பார்த்துவிட்டு வருகிறவர்கள். அப்பா ஓட்டுவார், மகன் டயர் உருட்டுவான், அம்மா ஸ்டாப்வாட்ச் பிடிப்பார். ஒரு செட் டயருக்கே பல நூறு டாலர் போகும். கார் உள்ளே வந்து முதல் சில நிமிஷம் அவர்கள் மும்முரமாக இருப்பார்கள், அப்போது பேச்சுக் கொடுக்காதீர்கள். வேலை முடிந்து கை துடைத்துக்கொண்டு நிமிரும்போது கேளுங்கள். என் அனுபவத்தில், கேட்டவர்களுக்குப் பதில் சொல்லாதவர்களை நான் இன்னும் பார்க்கவில்லை. மகள் ஏழு வயதில் இரண்டாம் முறை வந்தபோது, ஒருவர் அவளைத் தூக்கி ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தார். ஸ்டியரிங்கைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். கழற்றினால்தான் ஓட்டுநர் உள்ளே நுழையவே முடியும் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

கொடிகளைப் பற்றிச் சுருக்கமாக: பச்சை என்றால் ஓடு, மஞ்சள் என்றால் மெதுவாக, சிவப்பு என்றால் நில், கறுப்பு என்றால் அந்தக் கார் மட்டும் உள்ளே வா, கட்டம் போட்டது என்றால் முடிந்தது.

சாப்பாடு

இந்தப் பக்கத்துத் தடங்களில் பொரித்த போலோனா சாண்ட்விச் பிரபலம். அது மாட்டிறைச்சி, பன்றி இறைச்சிக் கலவையாக இருக்கலாம், கேட்டு வாங்குங்கள். சைவக்காரர்களுக்கு உருளை வறுவலும் நாச்சோவும் உண்டு. வறுவல் எந்த எண்ணெயில் போடப்படுகிறது என்பது உங்களுக்கு முக்கியமென்றால் அதையும் கேளுங்கள். வெளிச் சாப்பாடு அனுமதித்தால் புளியோதரையும் தயிர்சாதமும் எடுத்துப் போங்கள். அனுமதி இல்லாவிட்டால் வண்டி நிறுத்துமிடத்தில் உண்டுவிட்டு உள்ளே போகலாம். வழியில் சாலையோரக் கடைகளில் அவித்த வேர்க்கடலை என்று பலகை வைத்திருப்பார்கள். நிறுத்தி வாங்குங்கள். தோலோடு உப்புப் போட்டு அவித்த அதே கடலை. மாமா இந்த நாட்டில் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிய ஒரே பண்டம் அதுதான்.

நாம் போகலாமா?

இந்தக் கேள்வியைப் பல குடும்பங்கள் என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கின்றன. நம் நிறத்தவர்கள் அதிகம் தென்படாத கேலரியில் போய் உட்காரச் சங்கடமாக இருக்காதா என்று. நியாயமான கேள்வி. இந்த விளையாட்டின் கடந்த காலத்தில் வெட்கப்பட வேண்டியவை உண்டு. வர்ஜீனியாவின் டான்வில்லைச் சேர்ந்த கறுப்பினத்தவர் வெண்டெல் ஸ்காட், 1963 டிசம்பர் 1 அன்று ஜாக்சன்வில்லில் உயர்மட்டப் பந்தயத்தில் வென்றார். அன்று வெற்றியாளர் என்று மேடையில் அறிவிக்கப்பட்டவர் பக் பேக்கர். கூட்டம் கலைந்த பிறகுதான் ஸ்காட்டின் வெற்றியை ஒப்புக்கொண்டார்கள். அவருக்கும் பிட்டில் கைகொடுத்தவர்கள் அவர் பெற்ற பிள்ளைகள்தான். 2015இல் நாஸ்கார் புகழ்க்கூடத்தில் அவரைச் சேர்த்தார்கள். கான்ஃபெடரேட் எனப்படும் தென் மாநிலக் கூட்டமைப்புப் படைக் கொடியைத் தன் மைதானங்களில் நாஸ்கார் தடை செய்தது 2020 ஜூனில்.

நம் பக்கமும் ஒரு பெயர் உண்டு. ஃபார்முலா 1 ஓட்டிய கோவைக்காரர் நரேன் கார்த்திகேயன், 2010 மார்ச்சில் வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்வில் ஸ்பீட்வேயில் நாஸ்காரின் டிரக் பந்தயத்தில் இறங்கி 13ஆவதாக வந்தார். அந்த ஆண்டு அந்தப் பிரிவின் மக்கள் விருப்ப ஓட்டுநராக ரசிகர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தது அவரைத்தான். அரை மைலுக்குச் சற்றே அதிகமான அந்தத் தடமும் ஒரு நாள் பயணத்துக்கு ஏற்றதே. என் குடும்பத்துக்கு ஹிக்கரியில் சில நொடிப் பார்வைகளைத் தவிர எந்தச் சங்கடமும் நேரவில்லை. பயிற்சி நாளில் கூட்டம் குறைவு, குடியும் குறைவு. தயக்கம் உள்ளவர்கள் முதலில் அன்றைக்குப் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ராலே, கேரி பக்கம் இருப்பவர்களுக்கு ஹிக்கரி தூரம். ஒன்றரை மணி நேரத்தில் வர்ஜீனியாவின் சவுத் பாஸ்டன் ஸ்பீட்வே இருக்கிறது. 1957இல் தொடங்கிய 0.4 மைல் தடம். வின்ஸ்டன் சேலத்தில் கால்பந்து மைதானத்தைச் சுற்றிக் கால் மைல் தடம் உள்ள போமன் கிரே அரங்கில் 1949 முதல் நாஸ்கார் பந்தயம் நடக்கிறது. அங்கே கூட்டமும் கூச்சலும் மோதலும் அதிகம். இரண்டு மூன்று தடவை வேறெங்காவது பார்த்துப் பழகிய பிறகு அங்கே போங்கள்.

ராலேக்காரர்கள் வின்ஸ்டன் சேலம் போகும் வழியில் ஹில்ஸ்பரோவில் ஓர் அரை மணி நேரம் நில்லுங்கள். ஆக்கனீச்சி என்ற தடம் 1949இல் நாஸ்காரின் முதல் சீசனிலேயே பந்தயம் கண்டது. 1968இல் மூடினார்கள். இன்று அது காட்டுக்குள் ஒரு நடைபாதை. கார் ஓடிய மண் வளையத்தில் நீங்கள் நடக்கலாம். கேலரியின் சிமெண்ட் படிகளுக்கு நடுவே மரங்கள் வளர்ந்து நிற்கின்றன. வடக்கு வில்க்ஸ்பரோ தடமும் 1996இல் பெரிய பந்தயங்கள் போன பிறகு வருஷக்கணக்கில் பாழாய்க் கிடந்து, 2022இல் மீண்டும் கார் சத்தம் கேட்டது. வில்க்ஸ்பரோவுக்குக் கிடைத்த பணமும் ஆதரவும் எல்லாச் சின்னத் தடங்களுக்கும் கிடைக்காது. வாசலில் விற்கும் டிக்கெட்டும் உள்ளே விற்கும் சாண்ட்விச்சும்தான் அவற்றை ஓட வைக்கின்றன. பயிற்சி நாளில் அனுமதி இலவசம் என்று சொன்னால், உள்ளே ஒரு காபியும் குழந்தைக்கு ஒரு தொப்பியும் வாங்குங்கள். பிடித்திருந்தால் அன்று மாலைப் பந்தயத்துக்கும் டிக்கெட் எடுத்து, மதியம் நீங்கள் குறித்து வைத்த அந்த ஒரு காருக்காகக் கை தட்டுங்கள்.